நடந்தே கடலுக்குள் இறங்கலாம்: துலாம்பெனுக்கு ஒரு திட்டம்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் போனில் இருந்த ஒரு வீடியோவைத் தங்கை வீட்டு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கடலுக்கடியில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடக்கும் கப்பல், அதைச் சுற்றி மீன் கூட்டம், நடுவில் குமிழி விட்டுக்கொண்டு நான். "மச்சான், அடுத்த தடவை நாங்களும் வர்றோம்" என்றார். அவர் சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். பொங்கலுக்குள் நான்கு பேருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பித்து முடித்திருந்தார்.

ஆக மே மாதம், பள்ளி லீவில், பாலி. ஆள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு நீச்சல் தெரியாது. என் மனைவி மெரினாவில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. எட்டாவது படிக்கும் மருமகன் யூடியூபில் பார்த்தே பாதி கற்றுக்கொண்டுவிட்டதாக நம்புகிறான். மாப்பிள்ளை கோபி பக்கம் கிணற்றில் குதித்து வளர்ந்தவர், "கெணத்துல நீஞ்சுனவனுக்குக் கடல் எம்மாத்திரம்" என்கிற கட்சி. இவர்களில் யாரை நினைத்து நான் அதிகம் பயப்படுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் துலாம்பென் என்று. பல வருடங்களுக்கு முன் வேறொரு இடத்தில் நான் முதல்முறை ஸ்கூபாவுக்கு, அதாவது சிலிண்டர் காற்றை இழுத்துக்கொண்டு கடலுக்குள் மூழ்க, போனது படகில். முக்கால் மணி நேரம் அலையில் குலுங்கி, டீசல் வாடையில் காலையில் தின்ற நான்கு இட்லியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, கை கால் நடுங்க உட்கார்ந்திருந்தவனைப் பின்பக்கமாக விழச் சொன்னார்கள். ஒரு பயிற்றுநர், ஆறு புது ஆட்கள். கீழே தரையே தெரியவில்லை, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் தண்ணீர், இரண்டே நிமிடத்தில் மேலே வந்துவிட்டேன். கடல் நமக்கு ஒத்துவராது என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒத்துவராதது படகுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

கரையிலிருந்து இறங்குவது வேறு மாதிரி. முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று ஒவ்வொரு அடியாகத் தண்ணீர் ஏறுகிறது. பிடிக்கவில்லையா, திரும்பி நடந்து வந்து தேங்காய்த் துண்டு கடித்துக்கொண்டு உட்காரலாம், யாருடைய பயணமும் கெடாது. புது ஆட்களுக்கு இந்த ஒரு வசதி போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

துலாம்பென் பாலியின் வடகிழக்குக் கரையில், ஆகுங் எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். விமான நிலையத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடக்கும் கப்பலின் பெயர் லிபர்ட்டி. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா வரிசையாகக் கட்டித் தள்ளிய 'லிபர்ட்டி' ரகக் கப்பல்களில் ஒன்று என்று பலரும் எழுதுகிறார்கள், அது தப்பு. இது 1918-இல் கட்டிய சரக்குக் கப்பல், பெயர்தான் லிபர்ட்டி. ஆஸ்திரேலியாவிலிருந்து ரப்பரும் ரயில் பாகங்களும் ஏற்றிக்கொண்டு பிலிப்பைன்ஸ் போகும் வழியில், 1942 ஜனவரி 11 அன்று லொம்போக் நீரிணைப் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்றின் டார்பிடோ அடித்தது. இரண்டு போர்க்கப்பல்கள் அதைச் சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே போனதால் சரக்கையாவது காப்பாற்றலாம் என்று துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் கரையிலேயே கிடந்தது. 1963-இல் ஆகுங் வெடித்தபோது வந்த அதிர்வில் கப்பல் சறுக்கிக் கடலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. எரிமலை பெரிய அழிவைச் செய்தது, போகிற போக்கில் இதையும் செய்து வைத்தது.

அது சறுக்கிய தூரம்தான் நமக்கு லாபம். கரையிலிருந்து 30 மீட்டர் வாக்கில் கப்பல் தொடங்கிவிடுகிறது. மேல் பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்தில், அடிப்பகுதி 30 மீட்டர் வரை. அதனால் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவனும் பார்க்கலாம், லைஃப் ஜாக்கெட்டோடு மேலே மிதக்கிற என் மனைவியும் பார்க்கலாம். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நீச்சல் தெரிந்தவரும் தெரியாதவரும். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கரை மணல் கரை இல்லை, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தேங்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை கருஞ்சாம்பல் நிற உருண்டைக் கற்கள். அலை பின்வாங்கும்போது அவை ஒன்றோடொன்று உருண்டு, தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டியது போல ஒரு சத்தம். வெறுங்காலில் நடந்தால் கணுக்கால் பிசகும். உள்ளூர்ப் பெண்கள் அதே கல்லில், தலையில் சும்மாடு வைத்து, பதினைந்து கிலோ வரும் சிலிண்டரைக் கையால்கூடப் பிடிக்காமல் சுமந்து போகிறார்கள், இரண்டு சிலிண்டர் சுமந்தவரையும் பார்த்தேன். நான் வெறும் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பின்னால் தடுமாறிப் போனேன், வெட்கமாக இருந்தது. ஆகவே பாதம் முழுக்க மூடும் ரப்பர் பூட் வாடகைக்குக் கேட்டு வாங்குங்கள். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னைக் கரையில் மாட்டாதீர்கள், கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீர் வரை போய், பயிற்றுநர் தோளைப் பிடித்துக்கொண்டு மாட்டலாம். அலை உடைகிற இடத்தில் நின்று யோசிப்பதுதான் ஆபத்து. இரண்டு அலைக்கு நடுவில் நடந்து கடந்துவிட வேண்டும்.

நேரம் முக்கியம். தெற்கே தங்கியிருப்பவர்களின் வண்டிகள் காலை ஒன்பது, பத்துக்கு வந்து சேரும், அதன் பிறகு கப்பலைவிட மனிதக் கால்கள்தான் அதிகம் தெரியும். அதனால் துலாம்பெனிலேயே அல்லது பக்கத்து அமெடில் தங்கி, ஆறரை மணிக்குள் தண்ணீரில் இருப்பது என்று திட்டம். அந்த நேரத்தில் நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்கள் கூட்டமாகத் திரியும், கடலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும்.

முதல் நாள் துலாம்பெனே கிடையாது. அமெடில் ஜெமெலுக் என்று ஒரு வளைகுடா, அங்கே கரையை ஒட்டியே பவளம், அலை குறைவு. அன்று முழுக்க ஸ்நார்க்கல் மட்டும், அதாவது வாயில் குழாயை வைத்துக்கொண்டு மேலே மிதந்தபடி பார்ப்பது. மறுநாள் பக்கத்தில் பன்யுனிங்கில் ஆழமில்லாத இடத்தில் கிடக்கும் இன்னொரு சின்னக் கப்பல், அதையும் மிதந்தபடியே பார்க்கலாம். மூன்றாம் நாள்தான் லிபர்ட்டி. மாப்பிள்ளைக்கு இந்த வரிசை பிடிக்கவில்லை, "மூணு நாள் எதுக்கு மச்சான், ஒரே நாள்ல முடிச்சிரலாமே" என்றார். கோயில் கோயிலாகச் சுற்றுகிற டூர் இல்லை மாப்பிள்ளை இது என்றேன்.

அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. கிணற்றில் அடியில் போட்ட காசை எடுக்கப் போகும்போது என்ன செய்வோம்? மூச்சை நெஞ்சு முட்டப் பிடித்துக்கொள்வோம், காது வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குவோம். ஸ்கூபாவில் இரண்டுமே கூடாது. 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரட்டிப்பாகிறது, அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்துவிடலாம். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். காதுக்கும் அப்படித்தான், வலி வருவதற்கு முன்பே, முதல் மீட்டரிலிருந்தே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக்கொண்டு இறங்க வேண்டும். வலித்தால் நின்று, கொஞ்சம் ஏறி, மறுபடி. ஒன்றும் தெரியாத தங்கை சொன்னதை அப்படியே கேட்பாள். முப்பது வருடப் பழக்கத்தை மறக்க வேண்டியவர் மாப்பிள்ளைதான்.

முதல்முறை முயற்சி டைவுக்கு சான்றிதழ் எதுவும் வேண்டாம், பத்து வயது ஆகியிருந்தால் போதும், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போக மாட்டார்கள். ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, காது அறுவை சிகிச்சை என்று எதற்காவது 'ஆம்' வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டும். அங்கே போய் மறைப்பதைவிட இங்கேயே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். டைவுக்குக் கூட்டிப்போகும் கடைகளுக்கு நான் அனுப்பிய ஒரே கேள்வி, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை புது ஆள். ஒரு கடை 'கவலைப்படாதீர்கள்' என்று மட்டும் பதில் போட்டது, அதை அப்போதே அடித்துவிட்டேன். இரண்டு பேருக்கு ஒருவர் என்று சொன்ன கடையில்தான் பதிவு.

வீட்டில் ஒத்திகை நடக்கிறது. அண்டாவில் தண்ணீர் நிரப்பி, மாஸ்க்கும் குழாயும் மாட்டி, முகத்தைக் கவிழ்த்து வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். முதல் நாள் மனைவி மூன்று வினாடியில் தலையைத் தூக்கி என்னைத் திட்டினாள். இப்போது குக்கர் மூன்று விசில் அடிக்கும் வரை அசையாமல் இருக்கிறாள். தண்ணீருக்குள் பயம் என்பது பாதி, மூக்கு அடைபடுகிற உணர்வுதான் என்பது என் கணிப்பு. அதை ஹாலிலேயே பழகிவிட்டால் கடலில் மீன் பார்க்க நேரம் கிடைக்கும்.

தங்கை கேட்டது வேறு, "என்னத்தண்ணா போட்டுக்கறது?" கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடுகிற வெட்சூட் கடையிலேயே தருவார்கள். ஸ்நார்க்கலுக்கு லெகிங்ஸும் முழுக்கை நீச்சல் சட்டையும் போதும், முதுகு வெந்து தோல் உரியாமலும் இருக்கும், சன்ஸ்கிரீனைப் பவளத்தின் மேல் கரைக்கவும் வேண்டாம்.

செலவில் மறந்துவிடக்கூடாத இரண்டு: இறங்கியதும் வாங்கும் விசா தலைக்கு 5 லட்சம் ரூபியா, 2024-லிருந்து பாலி வாங்கும் சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா. லட்சம் என்றதும் அம்மா பதறினார், அவர்கள் ஊர்ப் பணம்மா என்று விளக்க வேண்டியிருந்தது. பயணக் காப்பீட்டில் ஸ்கூபா உண்டா என்று சின்ன எழுத்தைப் படியுங்கள், பலவற்றில் இருக்காது. மார்ச்சில் போகிறவர்கள் நியெப்பி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது சக ஆண்டுக் கணக்குப்படி அவர்களின் வருடப் பிறப்பு, அன்று விமான நிலையம் உட்படத் தீவே மூடிவிடும், ஓட்டலைவிட்டு வெளியே வர முடியாது.

கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது இடைவெளி வைத்திருக்கிறேன். உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும். மலை ஏறுவதும் விமானம் ஏறுவது மாதிரிதான், அதனால் திரும்பும்போது கிந்தாமணி மலைப்பாதை வேண்டாம், கடலோரமாகவே சந்திடாசா வழியாக வருவோம் என்று டிரைவரிடம் இப்போதே சொல்லியாகிவிட்டது.

இன்னும் தீராதது ஒன்றுதான். மாஸ்க்கை முகத்தில் வைத்து, பட்டையை மாட்டாமல் மூக்கால் உறிஞ்சினால் அது ஒட்டி நிற்க வேண்டும். எல்லோருக்கும் நின்றது. மாப்பிள்ளைக்கு மூன்று மாஸ்க் மாற்றியும் கீழே விழுகிறது. மீசை. மூக்குக்கு அடியில் ஒரு விரல்கடை வழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், இரண்டு வாரமாக அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.