சரியான விடை, தவறான கணக்கு: மலைநீரை அளக்கும் பணியிலிருந்து

மலைப்பகுதியின் நீர்வளத்தைக் கணக்கிடுபவர்களிடம் நீர்த்தேக்க நிர்வாகிகளும் பாசனப் பொறியாளர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: வரும் கோடையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும்? அதற்கு விடை சொல்லத் தேவையான முதல் எண், குளிர்காலத்தில் மலைமேல் எவ்வளவு பனி விழுந்து தங்கியிருக்கிறது என்பது. உயர்ந்த மலைத்தொடர்கள் பலவற்றில் அந்த எண் மிகக் குறைவான இடங்களிலேயே நேரடியாக அளக்கப்படுகிறது. மழைமானிகள் மனிதர் வசிக்கும் பள்ளத்தாக்குகளில் இருக்கின்றன. பனியோ அவற்றுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் மேலே, குளிர்காலத்தில் யாரும் ஏறிச் செல்லாத சரிவுகளில் விழுகிறது. இருக்கும் மானிகளும் பனியை முழுமையாகப் பிடிப்பதில்லை. காற்று வீசும்போது பனித்துகள்கள் மானியின் வாயைத் தாண்டிப் பறந்துவிடுகின்றன. பலத்த காற்றில், விழுந்த பனியில் பாதிகூடப் பதிவாகாமல் போவதுண்டு.

இந்த இடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள் தரவும் கணினி மாதிரியும் பயன்படுகின்றன. மேல் சிந்து, சட்லஜ் போன்ற இமயமலை ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் இவ்விரண்டையும் கொண்டு பல ஆண்டுகள் வேலை செய்ததில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்து உண்டு. ஆற்றின் நீரோட்டத்தைச் சரியாகக் காட்டும் மாதிரி மலையையும் சரியாகக் காட்டுகிறது என்று கொள்ள முடியாது. செயற்கைக்கோள் தரவை மாதிரிக்கு உள்ளீடாக மட்டும் பயன்படுத்துபவர்கள் அதன் பெரும்பயனை விட்டுவிடுகிறார்கள். மாதிரி சொல்லும் தவறான விளக்கங்களை விலக்குவதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி நம்மிடம் இல்லை.

முதலில், மேலிருந்து என்ன தெரிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். 1999 டிசம்பரில் ஏவப்பட்ட டெர்ரா, 2002 மே மாதம் ஏவப்பட்ட ஆக்வா ஆகிய இரு செயற்கைக்கோள்களிலும் உள்ள மோடிஸ் என்னும் படமெடுக்கும் கருவி, நிலப்பரப்பை 500 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் பனி இருக்கிறது என்பதை நாள்தோறும் சொல்லிவந்திருக்கிறது. பனி கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிட்டு, குற்றலை அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. பெரும்பாலான மேகங்கள் இரண்டையுமே திருப்பி அனுப்புகின்றன. பனியையும் மேகத்தையும் பிரித்தறிவது இந்த வேறுபாட்டைக் கொண்டுதான். ஆனால் மேகம் மூடிய இடத்தில் கீழே என்ன இருக்கிறது என்பது தெரியாது. டெர்ரா முற்பகலிலும் ஆக்வா பிற்பகலிலும் கடப்பதால், இரண்டையும் சேர்த்தால் சில ஓட்டைகள் அடைபடும்; முந்தைய, பிந்தைய நாட்களின் படங்களும் அண்டைக் கட்டங்களின் உயரமும் இன்னும் சிலவற்றை அடைக்க உதவும். பருவமழைக் காலத்தில் இவையெல்லாம் போதாமல் போகும் வாரங்கள் உண்டு. அந்த வாரங்களின் படத்தில் அளந்தது எவ்வளவு, நிரப்பியது எவ்வளவு என்பதைத் தனியே குறித்துவைப்பதை எங்கள் குழுவில் விதியாகவே வைத்திருக்கிறோம், ஏனென்றால் பின்னாளில் அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வெண்மையாகத்தான் தெரியும்.

இதைவிடப் பெரிய குறை வேறு. படம் காட்டுவது பரப்பை. நமக்கு வேண்டியது அந்தப் பரப்பில் அடங்கியிருக்கும் தண்ணீரை. ஒரு சாண் பனியும் இரண்டு ஆள் உயரப் பனியும் மேலிருந்து பார்க்க ஒன்றுதான். நிலத்திலிருந்து பனியை ஊடுருவி வரும் நுண்ணலைகளை உணரும் கருவிகள் ஆழத்தை ஊகிக்க உதவும் என்றாலும், அவற்றின் ஒரு கட்டம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலம் கொண்டது. ஒரு முகடும் அதன் இருபுறப் பள்ளத்தாக்குகளும் அதற்குள் அடங்கிவிடும். பனியில் உள்ள நீர், அதாவது அது முழுதும் உருகினால் நிற்கும் தண்ணீரின் ஆழம், 15 முதல் 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்தக் கருவிகளுக்கு வேறுபாடு தெரிவதில்லை, பனி ஈரமானாலும் அளவீடு குழம்பிவிடுகிறது. சமவெளிப் பனிக்கு அவை நன்றாகவே உதவுகின்றன. செங்குத்தான மலைகளுக்கு நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 2013 முதல் விமானத்திலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி, பனியில்லாத காலத்துத் தரையின் உயரத்தைப் பனி மூடிய பரப்பின் உயரத்திலிருந்து கழித்து ஆழத்தை அளந்துவருகிறார்கள். துல்லியத்தில் அதற்கு ஈடான முறை அரிது. ஆனால் அதற்கு ஆகும் செலவையும், எல்லைப்புற மலைகளில் பறக்கப் பெறவேண்டிய அனுமதிகளையும் எண்ணினால், உலகின் பல மலைகளுக்கு அது எட்டாத வசதி.

மீதியை மாதிரிதான் கணக்கிட வேண்டும். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பயணத்தில் எடுத்த ரேடார் அளவீடுகளிலிருந்து உருவான உயர வரைபடத்தைக் கொண்டு, நீர்ப்பிடிப்புப் பகுதியைச் சில நூறு மீட்டர் உயர அடுக்குகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வோர் அடுக்கின் வெப்பநிலையையும் பள்ளத்தாக்கு நிலையத்தின் பதிவிலிருந்து ஊகிக்கிறோம். உறைநிலைக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் நாளொன்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் உருகும் என்ற எளிய விகிதம் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பனிக்கு அது பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர். வெளிப்பட்டுக் கிடக்கும் பனிப்பாறைக்கு அதைவிட அதிகம், ஏனென்றால் அதன் மங்கிய மேற்பரப்பு புதுப்பனியைவிட அதிக வெயிலை உறிஞ்சுகிறது.

எளிதாகத் தோன்றும் இந்தக் கணக்கை ஆட்டிவைப்பது, உயரத்தோடு வெப்பநிலை குறையும் விகிதம். பாடநூல் மதிப்பு கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி. ஈரக்காற்று நிறைந்த பருவமழைக் காலத்தில் அது குறையும், வறண்ட காலத்தில் கூடும். குளிர்கால இரவுகளில் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கும்போது மேலே செல்லச் செல்ல வெப்பம் கூடுவதும் நடக்கும். நிலையத்துக்கு 2,500 மீட்டர் மேலே உள்ள ஓர் அடுக்குக்கு இந்த விகிதம் ஒரு டிகிரி மாறினால், அங்கே கணக்கிடப்படும் வெப்பநிலை 2.5 டிகிரி மாறும். டிகிரிக்கு 4 மில்லிமீட்டர் என்றால், உருகும் அளவு நாளுக்கு 10 மில்லிமீட்டர் மாறும். அடுக்கின் பரப்பு 1,000 சதுர கிலோமீட்டர் என்று கொண்டால் அது நாளொன்றுக்கு 1 கோடி கன மீட்டர், வினாடிக்கு ஏறத்தாழ 4,000 கன அடி. ஓர் அனுமானத்தைச் சிறிது அசைத்தால் மாதிரிக்குள் ஓர் ஆறே தோன்றுகிறது, அல்லது மறைகிறது.

அப்படியானால் எந்த மதிப்பை எடுத்துக்கொள்வது? கணக்கிட்ட நீரோட்டம் அளந்த நீரோட்டத்தோடு பொருந்தும்வரை மதிப்புகளைத் திருத்துவதே வழக்கம். பொருத்தத்தை மதிப்பிட 1970இல் நாஷ், சட்கிளிஃப் என்ற நீரியலாளர்கள் முன்வைத்த அளவுகோல் பயன்படுகிறது. 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் மாதிரி இல்லாமல் ஆற்றின் சராசரியைச் சொல்லியிருந்தாலே போதும் என்று பொருள். பனி உருகி ஓடும் ஆறுகளில் இந்த மதிப்பு எளிதாக உயர்ந்துவிடும். குளிர்காலத்தில் மெலிந்து கோடையில் பெருகும் வடிவம் ஆண்டுதோறும் திரும்புவதால், பருவத்தைப் பிடித்துவிட்ட எந்த மாதிரியும் நல்ல மதிப்பெண் பெறும்.

ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு இரண்டு வெவ்வேறு அமைப்புகளில் மாதிரியை ஓட்டி, இரண்டின் வரைகோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஓர் அமைப்பில் மலைமேல் பனிப்பொழிவு குறைவு, பனிப்பாறைகள் வேகமாக உருகுகின்றன. மற்றதில் பனிப்பொழிவு மிக அதிகம், பனிப்பாறைகள் மெதுவாக உருகுகின்றன. ஆற்றின் அளவீட்டோடு இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பொருந்தும். ஜூலை மாதத் தண்ணீர் சென்ற குளிர்காலத்துப் பனியிலிருந்து வந்ததா, நெடுங்காலமாகக் கிடந்த பனிப்பாறையிலிருந்து வந்ததா என்பது பாலத்தடியில் நிற்கும் அளவுகோலுக்குத் தெரியாது. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கான கால்வாயைத் திட்டமிடுபவருக்கு அந்த வேறுபாடே எல்லாம். முதல் அமைப்பு உண்மையானால், ஆற்றின் நீர்வரத்து சில காலம் கூடி, பனிப்பாறைகள் சுருங்கச் சுருங்கப் பிறகு குறைந்துகொண்டே போகும். இரண்டாவது உண்மையானால், ஒவ்வொரு குளிர்காலத்தின் பனிப்பொழிவும்தான் வரத்தைத் தீர்மானிக்கும். இன்று ஒத்துப்போகும் இரு வரைகோடுகள் நாளை எதிரெதிர்த் திசைகளில் பிரியும்.

இங்கேதான் செயற்கைக்கோள் படம் சாட்சி சொல்ல வருகிறது. முதல் அமைப்பில் உயர்ந்த அடுக்குகள் வசந்தத்திலேயே பனியை இழந்து வெறுமையாகின்றன. மோடிஸ் படங்களிலோ அதே அடுக்குகள் அதற்குப் பல வாரங்கள் கழித்தும் பனி மூடியிருக்கின்றன. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவுவது. பனி ஈரமாகும்போது அது திரும்பப் பெறும் அலை வலுவிழப்பதால், எந்த உயரத்தில் எப்போது உருகத் தொடங்கியது என்பதும் தெரிந்துவிடுகிறது. பனிப்பாறைகளுக்குத் தனிச் சான்று உண்டு. வெவ்வேறு ஆண்டுகளின் செயற்கைக்கோள் உயர வரைபடங்களை ஒப்பிட்டு 2021இல் வெளியான ஓர் ஆய்வு, உலகின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பனிப்பாறைகள் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 26,700 கோடி டன் பனியை இழந்தன என்று கணக்கிட்டது. அந்த ஆய்வுத் தரவில் நம் பகுதியின் பனிப்பாறைகள் எவ்வளவு மெலிந்திருக்கின்றன என்று பார்த்து, மாதிரி சொல்லும் மெலிவு அதைவிடப் பல மடங்கு இருந்தால், ஆற்றோடு அது எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அந்த அமைப்பைக் கைவிட வேண்டும்.

இதே தர்க்கத்தைத் தலைகீழாக்கி, பனிப்பாறையையே மழைமானியாக்கிய ஓர் ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். மேல் சிந்துப் பகுதியில் நிலையங்களின் பதிவை நம்பினால், அங்குள்ள பனிப்பாறைகள் நிலைத்திருக்கவே முடியாது. ஆற்றில் ஓடும் தண்ணீருக்கும் கணக்கு வராது. அப்படியானால், அவை இன்று இருக்கும் நிலையில் இருக்க மேலே எவ்வளவு விழுந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2015இல் வெளியான அந்த முடிவின்படி, உயரமான சில இடங்களில் உண்மையான பொழிவு அதுவரை எண்ணியிருந்ததைப் போலப் பத்து மடங்கு வரை இருந்திருக்கிறது. சிந்துவைப் போலக் கோடிக்கணக்கானவர்கள் நம்பியிருக்கும் ஓர் ஆற்றின் தலைப்பகுதியில் இவ்வளவு பெரிய தொகை ஏட்டில் ஏறாமலே இருந்தது என்பது, இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரையும் பொறுப்போடு யோசிக்க வைக்க வேண்டிய செய்தி.

ஈர்ப்புவிசை மாற்றத்திலிருந்து நீரின் எடையை அளக்கும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்களைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். 2002 முதல் 2017 வரையும், அடுத்த இணை 2018 முதலும் தரும் அளவீடு முழு மலைத்தொடருக்குப் பொருளுள்ளது. ஒற்றைப் பள்ளத்தாக்குக்கு அது மிகவும் கரடானது. அவ்வளவு போதும்.

நீர்த்தேக்கப் பொறியாளர் ஒருவர் ஒரு கூட்டத்தில், "சார், இத்தனை வரம்பு சொல்கிறீர்கள், மதகைத் திறக்க எனக்கு ஓர் எண் வேண்டுமே" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால் இப்போது ஓர் எண்ணையும் அதன் இருபுற எல்லையையும் கொடுப்பதோடு, அந்த நீரில் பருவப் பனியின் பங்கு, பனிப்பாறையின் பங்கு, மழையின் பங்கு ஆகியவற்றையும், இவை எந்தச் சான்றால் உறுதிசெய்யப்பட்டவை என்பதையும் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம். பனிப் பங்கு பெரிதாகவும் சான்று வலுவாகவும் இருந்தால் ஏப்ரலிலேயே துணிந்து திட்டமிடலாம். மழைப் பங்கு பெரிதானால் அவர் காத்திருப்பதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் தரையில் எடுக்கும் அளவீடு வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. பனியில் குழி தோண்டி, அடுக்கடுக்காக எடை பார்த்து அடர்த்தியை அளந்தவர் கொடுக்கும் ஓர் எண், செயற்கைக்கோள் தர முடியாதது. எந்தத் திட்ட முன்மொழிவிலும் 4,000 மீட்டருக்கு மேலே ஒரு வெப்பநிலைமானியும் பனி ஆழமானியும் இடம்பெற வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். செலவுப் பட்டியலைக் குறைக்கும்போது முதலில் நீக்கப்படுவதும் அந்த வரிதான். அந்த வரியைக் காப்பாற்ற, கணினிக்கும் மென்பொருளுக்கும் ஒதுக்கிய தொகையைக் குறைத்துக்கொள்ள நான் எப்போதும் தயாராகவே இருக்கிறேன்.