கண்ணி இல்லாத கண்ணிவெடி

கண்ணி என்பது வேடன் வைத்துவிட்டுப் போவது. அவன் வீட்டில் தூங்கினாலும் அது காட்டில் விழித்திருக்கும். 1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தான தடை ஒப்பந்தத்தின் சாரமும் இதுவே: ஆள் வந்தாலோ, நெருங்கினாலோ, தொட்டாலோ வெடிக்கும்படி செய்ததுதான் ஆள்கொல்லி கண்ணிவெடி.

அப்படியானால் ஒரே பக்கமாக எஃகுக் குண்டுகளைச் சிதறடிக்கும் வெடிப்பெட்டியான கிளைமோர் எதில் சேரும்? டர்பன் பக்கத் தமிழ் வீடுகளில் இந்தப் பெயர் பெரும்பாலும் இலங்கைச் செய்திகள் வழியாகத்தான் பழக்கம். நம் தென்னாப்பிரிக்காவே அங்கோலா எல்லையில் 1989 வரை போர் நடத்தியது என்றாலும், அதில் கட்டாய ராணுவச் சேவை வெள்ளை இளைஞர்களுக்கு மட்டும்தானே!

வெடிமருந்தை உருண்டையாக வைத்தால் வேகம் எல்லாப் பக்கமும் சிதறும். அதையே சப்பாத்திபோல் தட்டையாக்கினால் பெரும்பகுதி தட்டை முகத்துக்கு நேராகப் பாயும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதை ஆராய்ந்த ஹங்கேரியர் மிஸ்னாய், ஜெர்மானியர் ஷார்டின் இருவர் பெயராலும் இந்த விளைவை அழைக்கிறார்கள். கொரியப் போரில் சீனப் படை அலை அலையாக வந்தபோதுதான் அமெரிக்காவுக்கு இதன் தேவை உறைத்தது. நார்மன் மெக்லியோட் என்பவர் உருவாக்கி, ஸ்காட்லாந்தின் பெரிய வாளின் பெயரைச் சூட்டினார். முதல் வடிவமான எம்18-இன் வீச்சு முப்பது மீட்டரைக்கூட எட்டவில்லை. 1960-இல் வந்த எம்18ஏ1-தான் உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 1.6 கிலோ எடை, 700 எஃகுக் குண்டுகள், 60 பாகை விரிவு, 50 மீட்டரில் உச்ச பலன். சோவியத்தின் மோன்-50 இதன் உடன்பிறப்பு. மோன் வரிசையில் பெயரிலுள்ள எண்ணே வீச்சின் மீட்டர் கணக்கு.

பின்பக்கம் பத்திரம் என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தப்பு. அமெரிக்கக் கையேட்டின்படி பின்னால் 16 மீட்டருக்குள் எவரும் இருக்கக் கூடாது. 100 மீட்டர் வரை மறைவில்தான் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் ‘இந்த முகம் எதிரியை நோக்கி’ என்று எழுத்துகளைப் புடைப்பாக வார்த்திருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. இருட்டில், பயத்தில், விரலால் தடவிப் படிக்க அதுதான் வசதி. வியட்நாமில் இருளில் ஊர்ந்து வந்து பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். வீரன் கம்பியின் மறுமுனையில் உட்கார்ந்து, பார்த்து, கையால் அழுத்தினால் இது ஒட்டாவா ஒப்பந்தத்தில் அகப்படாது. அதே பெட்டியில், வருபவர் கால் பட்டதும் வெடிக்க வைக்கும் இடறு கம்பியைக் கட்டினால் அந்த நொடியே கண்ணி, தடை. 1996-இல் திருத்திய ஜெனீவா நெறிமுறை வேறொரு உடன்படிக்கை; முழுத் தடை போடாமல் வரம்பு வைக்கும் அது இன்னும் நுணுக்கமானது: இடறு கம்பியோடு வைத்தாலும், வேலியும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாமல் 72 மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது, வைத்த படை பக்கத்திலேயே இருந்து அந்த இடத்தைக் கண்காணிக்கவும் வேண்டும்.

ஒப்பந்த வாசகம் இறுதியான 1997 ஆஸ்லோ மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் தூதர் ஜாக்கி செலெபி. (பிறகு போலீஸ் தலைவராகி ஊழலில் சிக்கியது வேறு கதை.) அதே ஆண்டு தென்னாப்பிரிக்கா தன் இருப்பிலிருந்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்கொல்லி கண்ணிவெடிகளை அழித்தது. கையால் மட்டும் வெடிக்கும் வகை இந்தத் தடைக்கு வெளியே. என் கணக்கில் ஒப்பந்தத்தின் மெலிந்த இடமும் அதுதான். பெட்டியின் தலையில், வெடிப்பைத் தொடங்கிவைக்கும் டெட்டனேட்டரைச் செருக இரண்டு துளைகள். வெளியிலிருந்து பார்த்தால் சட்டப்படியானதும் தடைசெய்யப்பட்டதும் ஒன்றேபோல்தான் இருக்கும். அதனால்தான் சில நாடுகள் இடறு கம்பிப் பாகங்களையே அழித்துவிட்டதாக ஆண்டறிக்கையில் எழுதுகின்றன.

பழைய ராணுவச் சாமான் சேர்ப்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க வழக்கத்தில் நீல நிறம் என்றால் வெறும் பயிற்சிப் பொருள். ஆனால் பெயிண்ட் டப்பா யார் கையிலும் கிடைக்கும். தொடாமல் விலகி, போலீஸ் எண் 10111-ஐ அழையுங்கள்.