தீர்ப்பு வந்துவிட்டது, கடனில் பெயர் அப்படியே இருக்கிறது

‘வீட்டுக் கடனை இன்னார் கட்ட வேண்டும்’ என்று விவாகரத்துத் தீர்ப்பில் எழுதியிருக்கும். வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பே அல்ல, அதனால் அந்த வரி அதைக் கட்டுப்படுத்தாது. கடன் ஒப்பந்தத்தில் இருவர் கையெழுத்தும் இருக்கும்வரை, ஒருவர் தவணை தவறினால் மற்றவரிடம் முழுத் தொகையையும் கேட்பார்கள். பாதியோடு விடமாட்டார்கள்.

முதல் வேலை, இருவரும் அவரவர் கடன் வரலாற்று அறிக்கையை எடுப்பது. என்றோ போட்ட ஜாமீன் கையெழுத்தும் மூடாத ஓவர்டிராஃப்டும் (கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் எடுக்கும் வசதி) அங்கேதான் தலைகாட்டும். பிறகு எந்த நாள் வரையிலான கடனைப் பிரிப்பது என்று ஒரு கணக்குத் தேதியை ஒத்துக்கொண்டு, அன்றைய நிலுவையை வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள். கிரெடிட் கார்டில் புதுச் செலவை அன்றே நிறுத்துங்கள். துணை கார்டும் மாதச் சந்தாக்களும்தான் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

அந்தத் தேதிக்குப் பின் ஒருவரே கட்டிய தவணைகளில்தான் பெரும்பாலும் தகராறு. வீடு இருவர் பெயரிலும் இருக்க, குடியிருப்பவர் மாதம் 500 வீதம் ஆறு தவணை கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,000, அதில் வட்டி 1,200, அசல் 1,800. குடியிருந்ததற்கு வாடகை போல வட்டியை அவரே ஏற்று, மற்றவர் அசலில் பாதியாக 900 தருவது நியாயம் என்பேன். மொத்தத்தில் பாதியாக 1,500 கேட்பவர்களும் உண்டு. எதுவானாலும் வங்கியின் தவணை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கடனிலிருந்து பெயரை நீக்க முக்கியமாக வழி மூன்று: வங்கி சம்மதித்து விடுவிப்பது, வீட்டை வைத்துக்கொள்பவர் தன் பெயரில் புதுக் கடன் எடுத்துப் பழையதை அடைப்பது, விற்று அடைப்பது. முதலாவது லேசில் நடக்காது. ஒற்றை வருமானம் தாங்குமா என்று வங்கி மறுபடி அலசும். பலர் சறுக்குவது வரிசையில். வீட்டு உரிமையை முதலில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வீடு போய்விடும், கடன் மட்டும் தங்கும். விடுவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகோ, அதே நாளிலோ கையெழுத்துப் போடுங்கள்.

ரீஃபண்ட் பெரும்பாலும் பணம் போன வழியிலேயே திரும்பும். கூட்டுக் கணக்கை அவசரப்பட்டு மூடினால் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும், பிறகு அலைச்சல்தான். காப்பீட்டுப் பிரீமியம், வாடகை முன்பணம் போன்றவற்றில் திரும்ப வரவேண்டியது வரும்வரை, அந்தக் கணக்கில் ஓவர்டிராஃப்ட் வசதியை நீக்கி, இருவர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்கலாம் என்று மாற்றி வையுங்கள்.

கணவன், மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்யும் நாட்டில் இருந்தால், அந்த வரியின் ரீஃபண்டைக் கண்ணை மூடிக்கொண்டு பாதியாக்க வேண்டாம். ஒருவர் 6,000, மற்றவர் 3,000 கட்டி, 900 திரும்பினால், கட்டிய விகிதப்படி 600, 300. ஒருவருடைய வரிக் கழிவுகளால்தான் ரீஃபண்டே வந்தது என்றால் தனித்தனியே கணக்கிட வேண்டும். பிரிவு ஒப்பந்தத்தில் இதை எழுதும் அதே ஷரத்தில், பழைய ஆண்டுக்குக் கூடுதல் வரி கேட்டுப் பின்னால் நோட்டீஸ் வந்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பதையும் எழுதிவிடுங்கள்.