கியர்பாக்ஸ் போச்சு என்றார்கள், போனது ஒரு புஷ்

மூன்றாவது கியர் எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் போட ஆரம்பித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. என்னிடம் இருப்பது 1991 மாடல் யூனோஸ் ரோட்ஸ்டர். மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு ஜப்பானில் அந்தக் காலத்தில் இருந்த பெயர் அது. ஜப்பானில் ஓடி முடித்துக் கப்பலேறி இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த ஏராளமான ரோட்ஸ்டர்களில் இதுவும் ஒன்று. சன் வைசரில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது, என்ன சொல்கிறதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்தக் காரை வாங்கினதே கியருக்காகத்தான். 1.6 லிட்டர் எஞ்சின் ஒன்றும் பறந்துவிடாது, பின்னால் வருகிற டீசல் வேன்காரர் நினைத்தால் முந்திவிடுவார். ஆனால் மணிக்கட்டை லேசாக அசைத்தால் போதும், தாழ்ப்பாள் விழுகிற மாதிரி 'டக்'கென்று கியர் உட்காரும். அந்தச் சுகத்துக்காகவே தேவையில்லாத இடத்திலெல்லாம் கியரைக் குறைத்துப் போட்டு ஓட்டினவன் நான். அந்த லீவர் இப்போது ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளின மாதிரி ஆகிவிட்டது. கியரில் போட்ட பிறகும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும், மூன்றாவது என்று நினைத்துத் தள்ளினால் ஐந்தாவதுக்குப் போகிற வழியில் மோதி நிற்கும், மோட்டார்வேயில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் லீவர் தானாகவே 'ஜ்ஜ்ஜ்' என்று பாட ஆரம்பிக்கும், கையை மேலே வைத்தால்தான் வாயை மூடும்.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய்க் காட்டினேன். பெயர் வேண்டாம். பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் தேய்ந்துவிட்டது, இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், இல்லையென்றால் வேறு கியர்பாக்ஸ் தேடணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். அந்தத் தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்புறம் என் புத்திக்கு எட்டின வரையில் கியர்பாக்ஸ் ஆயிலை மட்டும் மாற்றிப் பார்த்தேன், 2 லிட்டர். பழைய ஆயில் கறுப்பாக வந்தது, புதுசு ஊற்றினேன், காலையில் போட்டதும் கியர் கொஞ்சம் இலகுவானது. ஆட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

அப்படியே இருந்ததற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது, இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். இந்தக் காரில் கியர் லீவர் நேராக கியர்பாக்ஸின் வால்பகுதி மேலேயே நிற்கிறது, நடுவில் கம்பியோ கேபிளோ கிடையாது. லீவரின் நடுவில் ஒரு உருண்டை, அதுதான் அச்சு. உருண்டைக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கால் உள்ளே இருக்கும் தண்டைப் பிடித்துத் தள்ளுகிறது. அந்தக் காலின் நுனியில் ஒரு நைலான் புஷ், விரல் நுனிக்கு மாட்டுகிற தொப்பி மாதிரி. உருண்டையைச் சுற்றி இன்னொரு நைலான் இருக்கை, அதன் மேல் நெளிநெளியாக ஒரு ஸ்பிரிங் வாஷர், உருண்டையை அமுக்கிப் பிடிக்க. இவ்வளவும் ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் தனி ஆயிலில் ஊறிக்கொண்டிருக்கின்றன. கியர்பாக்ஸ் ஆயிலைக் கீழே திறந்து வடித்தாலும் இந்தக் கிண்ணத்து ஆயில் வடியாது, புதுசு ஊற்றினாலும் இங்கே வந்து சேராது. ஆக, காரை வைத்திருந்தவர்கள் ஒழுங்காக ஆயில் மாற்றிக்கொண்டே வந்திருக்கலாம், இந்தக் கிண்ணத்தை மட்டும் 30 வருஷமாக யாருமே திறக்காமலும் இருந்திருக்கலாம். என் காரில் அதுதான் நடந்திருக்கிறது.

அந்த நுனிப் புஷ்ஷை ஏன் நைலானில் செய்து வைத்தார்கள், இரும்பிலேயே செய்திருக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. இரண்டு பக்கமும் இரும்பு என்றால் இரண்டும் தேயும், கியர்பாக்ஸின் அதிர்வு முழுக்கக் கைக்கு ஏறும். நடுவில் மெத்தென்று ஒன்று இருந்தால் அது தேய்ந்துபோகும், மற்ற இரண்டும் தப்பிக்கும். தேய்வதற்காகவே வைத்த சாமான் தேய்ந்தால் அது கியர்பாக்ஸின் குற்றமா? அப்புறம் லீவர் கணக்கு ஒன்று இருக்கிறது. அச்சுக்கு மேலே நீளம் அதிகம், கீழே கொஞ்சம். மேலே 5 பங்கு, கீழே 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், கீழே புஷ் 1 மில்லிமீட்டர் தேய்ந்தால் மேலே கைப்பிடியில் 5 மில்லிமீட்டர் ஆட்டம். கை உணர்வது பெரிய ஆட்டம் என்பதால் உள்ளேயும் பெரிதாக ஏதோ போய்விட்டது என்று நினைத்துவிடுகிறோம்.

மற்ற கார்களில் இது இன்னும் மோசம். பழைய போர்ஷே 911-இல் லீவர் முன்னால், கியர்பாக்ஸ் பின்னால், நடுவில் நீளக் கம்பி, கம்பியின் இணைப்பில் பிளாஸ்டிக் புஷ்கள், லீவரின் அடியிலும் ஒன்று. அந்தப் புஷ்கள் நொறுங்கிப்போனால் எந்தக் கியர் விழும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். எஞ்சின் நடுவில் இருக்கும் டொயோட்டா எம்ஆர்2-இல் கேபிள், கேபிளின் நுனிகளில் புஷ். அவ்வளவு தூரம் ஏன், ஊரில் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர் வைத்த அம்பாசடரில் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கியர் மாட்டிக்கொண்டதும் டிரைவர் அலட்டிக்கொள்ளாமல் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையால் தட்டி விடுவித்துவிட்டு வந்து உட்காருவார். அவர்கள் யாரும் கியர்பாக்ஸை இறக்கச் சொன்னதில்லை.

செய்வதற்கு முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு கியரில் போட்டு லீவரை ஆட்டினேன், கிட்டத்தட்ட நியூட்ரல் மாதிரியே ஆடியது. அது புஷ். ஓடும்போது கியர் மாற்றுகையில் 'கர்ர்' என்று பல் அரைத்தால் அது சிங்க்ரோ, அதாவது கியர் விழுவதற்கு முன் பற்களின் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் காரில் அரைப்பு இல்லை. சரி என்று நைலான் புஷ், இருக்கை, லீவரைச் சுற்றி மூடுகிற இரண்டு ரப்பர் பூட், கேஸ்கெட் எல்லாம் வரவழைத்தேன், 40 பவுண்டுக்குள் முடிந்தது. வெண்கலத்தில் செய்த புஷ்ஷும் விற்கிறார்கள், தேயவே தேயாது என்கிறார்கள், சத்தம் கூடும் என்றும் சொல்கிறார்கள். ஏற்கெனவே பாடுகிற லீவருக்கு மைக் வேறு எதற்கு? நைலானே போதும்.

ஒரு சனிக்கிழமை, ஜனவரிக் குளிர், கராஜில் மூச்சு விட்டால் புகை. டார்ச் பிடிக்க மகள் வந்தாள், ஒன்பது வயசு. கியர் நாபைத் திருகிக் கழற்றி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற கன்சோலின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, பவர் விண்டோ ஸ்விட்ச்சின் கனெக்டரைப் பிடுங்கி, கன்சோலைத் தூக்கி வெளியே வைத்தேன். அவசரப்பட வேண்டாம், பழைய பிளாஸ்டிக் குளிரில் அப்பளம் மாதிரி உடையும். அடியில் பெரிய ரப்பர் பூட், நான்கு போல்ட், 10 மில்லிமீட்டர் சாக்கெட். அதைத் தூக்கினதும் விஷயம் தெரிந்துவிட்டது. கீழே இருக்க வேண்டிய சின்ன பூட் லீவரைச் சுற்றி முழு வட்டமாகக் கிழிந்து, காலர் இல்லாத சட்டை மாதிரிக் கிடந்தது. கோடையில் கன்சோல் ஏன் தோசைக்கல்லாகக் கொதித்தது என்பதற்கும் பதில் கிடைத்தது. கியர்பாக்ஸை ஒட்டியே எக்ஸாஸ்ட் குழாய் போகிறது, அந்தச் சூடு தடுப்பே இல்லாமல் என் இடது முழங்கால் பக்கம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

லீவர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சுற்றியிருந்த மண்ணையெல்லாம் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் க்ளீனரால் உறிஞ்சி எடுத்தேன், உள்ளே விழுந்தால் வம்பு. மூன்று போல்ட்டைக் கழற்றி மேலே இழுத்தால் 'பொளக்'கென்று லீவர் கையோடு வந்தது. நுனியில் புஷ் இல்லை. ஒரு நிமிஷம் வயிறு கலங்கிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால் கிண்ணத்தின் அடியில், சேறு மாதிரி இருந்த ஆயிலுக்குள், பாதிப் புஷ் கிடக்கிறது. காந்தக் குச்சி உதவாது, நைலானாயிற்றே. என் விரல் தடிமனுக்கு அது உள்ளே உள்ளே போனது. கடைசியில் மகள் வீட்டுக்குள் ஓடிப்போய் அவள் அம்மாவின் புருவம் திருத்துகிற ட்வீசரை எடுத்துவந்தாள். (அது இப்போது கராஜ் சாமான். புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று.) முதல் பாதி வந்தது, இன்னொரு பாதி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டையும் வெளியே எடுத்துச் சேர்த்துவைத்து, துண்டு எதுவும் குறையவில்லை என்று உறுதியான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய சாமான் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது, ஒரு பக்கச் சுவர் தபால் அட்டை அளவுக்கு மெலிந்திருந்தது.

பழைய ஆயிலை ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, துணி விட்டுத் துடைத்தேன். "அப்பா, அழுகின முட்டை நாத்தம்" என்றாள் மகள். கியர் ஆயிலில் கந்தகம் சேர்ப்பார்கள், அந்த வாசனைதான். இரண்டு நாள் கையை விட்டுப் போகாது, சாப்பிடும்போது தெரியும். கிண்ணத்தில் புதுசாக 75டபிள்யூ-90 ஆயில், 100 மில்லிக்குச் சற்றுக் குறைவாக. புது இருக்கையை வைத்தேன். புது புஷ்ஷை நுனியில் அழுத்தியதும் 'டிக்' என்று மாட்டிக்கொண்டது, விரலால் சுழற்றினால் சுழல்கிறது, ஆனால் ஆடவில்லை. கஷ்டம் கொடுத்தது அந்தச் சின்ன பூட்தான். லீவரின் மேலிருந்து இறக்க வேண்டும், குளிரில் விறைத்துப்போய் இறங்க மாட்டேன் என்றது. கெட்டிலில் வெந்நீர் போட்டு, டீ கப்பில் பூட்டைப் பத்து நிமிஷம் ஊறவைத்த பிறகு வழிக்கு வந்தது. லீவரை இறக்கும்போது கண்ணால் பார்க்க முடியாது, நுனி அந்தப் பள்ளத்தைத் தேடித் தானே உட்கார வேண்டும். லேசாக ஆட்டிக்கொண்டே இறக்கினால் உட்காரும், அழுத்தினால் புதுப் புஷ்ஷும் போச்சு. சின்ன போல்ட்டுகளை மூச்சுப் பிடித்து முறுக்க வேண்டாம், அலுமினிய உடம்பு, மரை போய்விட்டால் அப்போதுதான் உண்மையிலேயே கியர்பாக்ஸ் வேலை.

ரிங் ரோடில் ஒரு சுற்று போனேன். முதல் ரவுண்டபவுட்டில் மூன்றிலிருந்து இரண்டு. டக். மறுபடி மூன்று. டக். தேவையே இல்லாமல் நாலு. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய திருப்பத்தை விட்டுவிட்டு இன்னொரு சுற்று போனேன். பாட்டு நின்றுவிட்டது. காலையில் முதல் ஐந்து நிமிஷம் இரண்டாவது கியர் இன்னும் முறைக்கிறது. அது பாக்ஸுக்குள் இருக்கிற சிங்க்ரோவின் வயசு, இந்தக் காருக்கு ஊரறிந்த வியாதி. ஆயில் சூடாகும் வரை பொறுமையாகப் போட்டால் போய்விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது கார் பார்க் தடுப்பின் முன்னால் நின்று டிக்கெட் எடுக்க ஸ்விட்ச்சை அமுக்கினேன், கண்ணாடி இறங்கவில்லை. கனெக்டரை மாட்ட மறந்திருக்கிறேன். பின்னால் நாலு கார் காத்திருக்க, கதவைத் திறந்து, பாதி உடம்பை வெளியே நீட்டி டிக்கெட் எடுத்தேன். திங்கள்கிழமை ராத்திரி கன்சோலை மறுபடியும் கழற்றினேன். இந்த முறை பத்து நிமிஷம்தான் ஆனது.