கொல்லிமலையில் செடி சேகரிக்க ஆள் சேர்த்தோம்

கொல்லிமலைத் தாவரங்களைப் பட்டியலிடும் ஒரு பேராசிரியருக்கு மலையிலேயே ஆள் தேவைப்பட்டது. அவரால் வருஷத்துக்கு ஓரிரு தடவைதான் மலையேற முடியும். ஒரே பாதையில் எல்லா மாதமும் நடக்கிறவர்கள் இருந்தால்தான் எது எப்போது பூக்கிறது, காய்க்கிறது என்று பிடிக்க முடியும். ஆள் சேர்க்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரிப் பிள்ளைகள் ஆசையாக வந்தார்கள். பரீட்சை வந்ததும் நின்றுவிட்டார்கள். கடைசிவரை நிலைத்தவர்கள் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அக்கா, ஓய்வுபெற்ற தபால்காரர், ஆடு மேய்க்கும் ஒரு பெரியவர். மூவரும் தாவரவியல் படித்ததில்லை. ஆனால் “இந்தச் செடி போன வருஷம் ஓடைக்கரையில் இல்லையே” என்று பெரியவர் சொல்வார். அந்தக் கண்ணை எந்தப் பயிற்சியாலும் கொடுக்க முடியாது.

கூட்டம் போட்டுப் பேசியதில் யாருக்கும் ஒட்டவில்லை. முடவாட்டுக்காலை எடுத்து வைத்த பிறகுதான் ஆர்வம் பிறந்தது. சூப்புக்கு வாங்குகிறோமே, அதேதான். கிழங்கு என்கிறோம், உண்மையில் அது பாறையிலும் மரத்திலும் படரும் ஒரு பெரணியின் தண்டு. அடியில் சருகு போல ஒட்டியிருக்கும் குட்டை இலை ஒரு வகை, மேலே நீண்டு பிளவுபட்ட பச்சை இலை இன்னொரு வகை. இரண்டும் இருந்தால்தான் உலர்த்தி வைக்கும் மாதிரி முழுமை. பச்சை இலைகளில் ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டும், அடிப்புறத்து வித்துப் பொட்டுகள் தெரிவதற்காக. “தினம் பார்க்கிறேன், இதைப் பார்த்ததில்லையே தம்பி!” என்றார் அக்கா. அன்றைக்கே சேர்ந்துவிட்டார்.

காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் கை வைக்கக் கூடாது. பேராசிரியர் வாங்கியிருந்த அனுமதி அவர் குழுவுக்கு மட்டுமே. அதனால் இவர்களுக்குச் சொந்த நிலம், வரப்பு, கேட்டு அனுமதி பெற்ற தோட்டங்கள் என்று எல்லை போட்டோம். ஒரே ஒரு செடி நின்றால் பறிக்காமல் படம் மட்டும்.

பூவை மட்டும் கிள்ளி வருவது எல்லோருக்கும் வரும் பழக்கம். இலை, பூ, முடிந்தால் காய், எல்லாம் ஒரே கிளையில் வேண்டும். புல் என்றால் வேரோடு, நீளமானால் மடித்து வைக்க வேண்டும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்துப் பலகையில் இறுக்கிக் கட்டுவோம். ஐப்பசி மழையில் தினமும் தாள் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். காய்ந்தால் நிறமும் மணமும் போய்விடும், கிள்ளியபோது பால் வந்ததா என்பதும் தெரியாது. அதையெல்லாம் பறித்த இடத்திலேயே குறிக்க வேண்டும். பெரியவர் சொல்லச் சொல்ல அவர் பேத்தி எழுதினாள். அவள் குறிப்புகள்தான் எங்களிடம் இருப்பவற்றில் மிகத் தெளிவு.

பேராசிரியரிடம் நான் கறாராகக் கேட்டவை இரண்டு. வேலையை விட்டு வரும் நாளுக்குக் கூலி. மாதிரியோடு வைக்கும் விவரச் சீட்டில் ‘சேகரித்தவர்’ என்ற இடத்தில் அவரவர் பெயர். 19ஆம் நூற்றாண்டில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் தனக்குப் படம் வரைந்த கோவிந்துவின் பெயரில் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் சூட்டினார். சீட்டில் ஒரு வரி கொடுப்பதற்கு என்ன தயக்கம்? பேராசிரியர் உடனே ஒத்துக்கொண்டார். அவர் அடையாளம் கண்ட பெயர்களின் பட்டியலும் இப்போது மலைக்குத் திரும்பி வருகிறது. தபால்காரர் அதை வீடு வீடாகக் காட்டுகிறார்.

செம்மேட்டைச் சுற்றி ஆள் இருக்கிறது. கிழக்குச் சரிவுக்குத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.