கச்சேரி வாசலும் கோயில் வாசலும்

பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். கிரிக்கெட் மாட்சையும் விடுதிச் சாப்பாட்டையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எங்கள் சரித்திர மாஸ்டரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் வேண்டாம், கதர்ச் சட்டை மாஸ்டர் என்றாலே அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும்.

1961 பெப்ரவரி 20ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டத்தை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணக் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலக வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. முதல் நாளே பொலிசார் குண்டாந்தடியால் அடித்தார்கள். மறுநாள் மாஸ்டர் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஒருவனை வகுப்பின் நடுவில் நிலத்தில் இருத்தி, மற்றவர்களைத் தூக்கச் சொன்னார். "விறைச்சுக்கொண்டு இருந்தால் ரெண்டு பேர் காணும். உடம்பைத் தளர விடு தம்பி, நாலு பேர் வேணும்." நாங்கள் தூக்கிப் பார்த்தோம். உண்மைதான், வழுக்கி வழுக்கி விழுந்தான்.

1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தபோது, அவரை அழைத்த மாணவர் காங்கிரஸில் மாஸ்டர் ஒரு தொண்டர். ஆனாலும் அகிம்சை என்றால் பொறுமையாக அடி வாங்குவது என்று யாராவது சொன்னால் சிரிப்பார். கச்சேரியில் என்னென்ன வேலை நடக்கிறது என்று கொப்பியில் எழுதச் சொன்னார். ஓய்வூதியம், காணி அலுவல், அனுமதிப்பத்திரம் என்று பக்கம் நிரம்பியது. "உத்தியோகத்தர் உள்ளே போகாட்டில் இதில ஒண்டும் நடக்காது. கொழும்பு ஆர் மூலம் ஆளும்?" என்றார். சரித்திரப் பாடத்தில் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது அந்தப் பக்கம் ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் விட்டதும் சயிக்கிளில் போய்ப் பார்ப்போம். ஊர் ஊராக முறை வைத்துச் சனம் பஸ்ஸில் வந்து இறங்கும். பெண்கள் வெயிலில் தேவாரம் பாடிக்கொண்டு இருப்பார்கள். அதற்குள் மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று போராட்டம் பரவிவிட்டது. ஏப்ரல் 14, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி, கட்சி தானே ஒரு தபால் சேவையைத் தொடங்கியது. கட்சியை நிறுவிய செல்வநாயகம் தொடக்கி வைத்தார். முத்திரை வாங்கச் சனம் நெருக்கியடித்தது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அரசு 17ஆம் திகதி அவசரகால நிலையை அறிவித்தது. இராணுவம் வந்தது, தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமுக்குப் போனார்கள். இரண்டு மாதம் வாசலில் இருந்ததைவிட, அந்தச் சின்ன முத்திரைதான் அரசை உசுப்பியது என்பது என் அபிப்பிராயம். மறுக்கிற நண்பர்கள் உண்டு.

இவ்வளவும் எங்கள் சங்கக் கூட்டங்களில் பெருமையாகப் பேசுகிற கதை. 1968ஐ யாரும் பேசுவதில்லை. அந்த ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போய்க் கும்பிட, ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். முன்னின்றவர்கள் காந்தியவாதிகளல்லர், பீக்கிங் சார்புக் கம்யூனிஸ்டுகள், அதாவது சீனப் பக்கம் நின்றவர்கள். மறித்து நின்றவர்களில் முக்கியமானவர் சுந்தரலிங்கம். முன்னாள் கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர். 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அவர்மேல் போடப்பட்ட வழக்கு அப்போது இலங்கைக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கச்சேரி வாசலில் தமிழுக்காக வெயிலில் காய்ந்த எத்தனையோ பேர் இந்த வாசல் பக்கம் தலைகாட்டவில்லை.

மாஸ்டர் அந்தக் கோயில் வாசலுக்குப் போனார். அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். விடுமுறையில் ஊருக்குப் போனபோது, அங்கே எப்படி இருந்தது என்று அவரிடமே கேட்டேன்.

"கச்சேரியில எனக்கு முன்னால நிண்டது முன்பின் தெரியாத பொலிஸ், தம்பி. அது லேசு. இங்க மறிச்சுக்கொண்டு நிண்டதில கொஞ்சப் பேர் என்னட்டைப் படிச்ச பெடியள். 'மாஸ்டர், நீங்கள் எழும்பி வீட்டை போங்கோ' எண்டு மரியாதையாச் சொன்னாங்கள்."

அந்தப் பெடியளில் சிலர் இப்போது எங்கள் சங்கத்திலும் இருக்கக்கூடும். எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி, அடுத்த மலரில் அவர்கள் எழுதினால் முதலில் வாசிப்பவன் நானாக இருப்பேன்.