இல்லாத ஆளின் இசை
ஐரோப்பியப் படம் என்றாலே தூக்கம் வரும் என்று நினைத்திருந்தவன் நான். போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் 'மூன்று வண்ணங்கள்: நீலம்' (1993) அதை மாற்றிவிட்டது. கணவரையும் மகளையும் விபத்தில் இழந்தவளாக ஜூலியட் பினோஷ். யாரோ ஏதோ கேட்பார்கள், திரை சட்டென்று இருண்டு படத்தின் இசையமைப்பாளர் பிரைஸ்னரின் இசை மட்டும் வந்து மோதும், மறுபடி வெளிச்சம் வந்தால் அதே இடம், அதே பேச்சு. துக்கம் வந்து தாக்குவதும் இப்படித்தானே?

அப்புறம் அதே இயக்குநரின் 'வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை' (1991). அதில் வரும் வான் டென் புடன்மேயர் என்ற டச்சு இசையமைப்பாளரின் மற்ற இசையை ஓர் இரவு முழுக்கத் தேடினேன். அப்படி ஓர் ஆளே கிடையாதாம்! கீஸ்லோவ்ஸ்கியும் பிரைஸ்னரும் கற்பனையாக வைத்த பெயர், இசையெல்லாம் பிரைஸ்னருடையதுதான். சரி, நன்றாக ஏமாந்தேன்.